கணக்குப் புதிர்களுக்காக எழுதிய நிரல்களை லைப்ரரியாகத் தொகுப்பதில் பயன் உண்டா?

கேள்வி

பகலில் என் வேலை ஒரு கணக்குப்பதிவு மென்பொருளின் பின்புலத்தைப் பராமரிப்பது. அதில் கணிதம் என்று சொல்லத்தக்கது வரிச் சதவீதத்தைத் தாண்டிப் போவதில்லை. அந்த ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்ளவே இரவு நேரங்களில் புராஜெக்ட் ஆய்லர் தளத்தின் கணக்குகளைப் போடத் தொடங்கினேன். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 2001இல் காலின் ஹியூஸ் தொடங்கிய இத்தளத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் விடை ஓர் எண்தான்; எந்த மொழியில் நிரல் எழுதினாலும், வெறும் பென்சிலால் கண்டுபிடித்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை; சரியான விடையைக் கொடுத்த பிறகே அந்தக் கணக்குக்குரிய விவாதப் பக்கம் திறக்கும். நன்றாக எழுதப்பட்ட நிரல் ஒரு சாதாரணக் கணினியில் ஒரு நிமிடத்துக்குள் விடையைத் தந்துவிட வேண்டும் என்பது அவர்கள் வகுத்த அளவுகோல்.

என் கேள்வி கணக்குகளைப் பற்றியதன்று, அவற்றைப் போடப்போட என் கணினியில் சேர்ந்துவிட்ட துண்டு நிரல்களைப் பற்றியது. பகா எண்களைத் தரும் சல்லடை, மீப்பெரு பொது வகுத்தி, ஓர் எண்ணின் காரணிகள், இலக்கங்களின் கூட்டல், தொடர் பின்னம் (பின்னத்தின் பகுதிக்குள் மீண்டும் பின்னம் என நீண்டுகொண்டே போவது) என்று ஒவ்வொன்றும் பழைய கோப்பிலிருந்து புதிய கோப்புக்கு நகலாகி நகலாகி, இப்போது சல்லடை மட்டுமே வெவ்வேறு வடிவங்களில் கிடக்கிறது. ஒன்றில் மேல்வரம்பும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது, மற்றொன்றில் அதற்கு முந்தைய எண்ணோடு நின்றுவிடுகிறது. இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி முறையான ஒரு லைப்ரரியாக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் பைத்தானுக்கான கணித லைப்ரரியான சிம்பை போன்ற ஆயத்த லைப்ரரிகள் இருக்கும்போது இது வீண் உழைப்பா? ஒரு கருவியை எவ்வளவு பொதுவாக எழுத வேண்டும், அது தரும் விடையை எப்படி நம்புவது என்பதையும் இதில் பழகியவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1

வீண் உழைப்பு அன்று. ஆனால் லைப்ரரியை முதலில் கட்டிவிட்டுக் கணக்குகளுக்குப் போகலாம் என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். அப்படித் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் கோப்புறைகளுக்குப் பெயர் வைப்பதோடு நின்றுவிடுகிறார்கள். நான் பின்பற்றும் வழக்கம் எளிமையானது: ஒரு ஃபங்ஷன் மூன்றாவது கணக்கில் தேவைப்படும்போதுதான் அதைப் பொதுக் கோப்புக்கு மாற்றுவேன். முதல் முறை எழுதும்போது அது அந்தக் கணக்குக்கு மட்டும் உரியதாக இருக்கும், இரண்டாவது முறை இரண்டுக்கும் பொதுவானது எது என்று மங்கலாகத் தெரியும், மூன்றாவது முறைதான் எந்த உள்ளீடுகளை அது ஏற்க வேண்டும் என்பது பிடிபடும்.

எவ்வளவு பொதுவாக எழுதுவது என்ற கேள்விக்கு அத்தளத்தின் முதல் கணக்கே நல்ல உதாரணம். முதல் நூறு கணக்குகளைப் பற்றி, கற்பிக்கும் நோக்கத்தோடு வெளியே பேசுவதை அத்தளமே அனுமதிப்பதால் விடையையும் இங்கே எழுதுகிறேன். 1,000க்குக் குறைவான எண்களில் 3ஆல் அல்லது 5ஆல் வகுபடுபவற்றின் கூட்டுத்தொகை என்ன என்பது கேள்வி. ஒவ்வோர் எண்ணாக எடுத்துச் சோதித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் 2,33,168 என்று வந்துவிடும். அதே கேள்வியை 1,000க்குப் பதிலாக 18 பூச்சியங்கள் கொண்ட எண்ணுக்குக் கேட்டால் அந்த நிரல் நம் ஆயுளில் முடியாது. பள்ளியில் படித்த கூட்டுத்தொடரை எடுத்தால் 3இன் மடங்குகள் 1,66,833, 5இன் மடங்குகள் 99,500, இரண்டிலும் சேர்ந்து எண்ணப்பட்ட 15இன் மடங்குகள் 33,165. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் வேலை முடிந்தது, வரம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உழைப்பு ஒன்றுதான். இங்கே சேமித்து வைக்கத் தகுந்த கருவி எது என்று பாருங்கள். மடங்குகளைச் சோதிக்கும் சுற்று அன்று, 'ஒரு வரம்புக்குள் ஓர் எண்ணின் மடங்குகளின் கூட்டுத்தொகை' என்ற ஒற்றை வரி ஃபங்ஷன்தான்.

சல்லடைக்கு வருவோம், ஏனென்றால் எல்லோருடைய லைப்ரரியும் அதில்தான் தொடங்குகிறது. பகா எண் ஒவ்வொன்றின் மடங்குகளையும் அடித்துவிட்டு மிஞ்சுபவற்றை எடுக்கும் எரட்டோஸ்தனிஸ் சல்லடையைப் பைத்தானில் சாதாரண லிஸ்ட்டாக 100 கோடி வரை எழுதினால், ஓர் இடத்துக்கு 8 பைட் வீதம் 8 ஜிபி நினைவகத்தை அந்த லிஸ்ட் மட்டுமே விழுங்கிவிடும். அதையே பைட் வரிசையாக வைத்தால் 1 ஜிபி. இரட்டைப்படை எண்களை விட்டுவிட்டு ஓர் எண்ணுக்கு ஒரு பிட் என்று சுருக்கினால் 62.5 எம்பி. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சல்லடையைத் துண்டு துண்டாக ஓட்டினால், 100 கோடியின் வர்க்கமூலமான 31,622 வரையுள்ள 3,401 பகா எண்களையும் ஒரு சிறு துண்டையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு முழு நீளத்தையும் கடந்துவிடலாம். இந்த நான்கையும் நீங்களே ஒருமுறை எழுதிப் பார்த்தால் உங்கள் பகல் வேலைக்கும் அது பயன்படும். தரவுகள் நினைவகத்தில் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதை இவ்வளவு சுலபமாகக் காட்டும் வேறு பயிற்சி எனக்குத் தெரியவில்லை. லைப்ரரியில் வைத்துக்கொள்ள இரண்டு போதும்: சிறிய வரம்புகளுக்கு எளிய பைட் வரிசை, பெரியவற்றுக்குத் துண்டுச் சல்லடை.

நம்பகத்தன்மைக்கு, ஏற்கெனவே உறுதியான எண்களோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. பகா எண்கள் 10 லட்சம் வரை 78,498. 10 கோடி வரை 57,61,455. 100 கோடி வரை 5,08,47,534. 1,000 கோடி வரை 45,50,52,511. இவற்றைச் சோதனைக் கோப்பில் எழுதிவைத்து, சல்லடையைத் தொடும்போதெல்லாம் ஓட்டுங்கள். ஜெர்மானியக் கணித அறிஞர் மைசல் 1885இல் தம் சூத்திரத்தால் கையாலேயே 100 கோடி வரையுள்ள பகா எண்களை எண்ணி 5,08,47,478 என்று வெளியிட்டார். உண்மையைவிட 56 குறைவு. அந்த முறையை மேம்படுத்தி ஐபிஎம் 701 கணினியில் ஓட்டிய அமெரிக்கக் கணித அறிஞர் லேமர் 100 கோடிக்குச் சரியான விடையைப் பெற்றார், ஆனால் 1,000 கோடிக்கு அவருடைய விடை 45,50,52,512 என்று ஒன்று கூடிவிட்டது. அவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. நமக்கு இருக்கிறது.

மேல்வரம்பைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து லைப்ரரி முழுவதற்கும் அதையே விதியாக்கிவிடுங்கள். எது என்பது முக்கியமன்று, இருவிதமாகவும் இருப்பதுதான் தொல்லை.

மறுமொழி 2

மேலே எழுதியவரோடு பாதிதான் உடன்படுகிறேன். கருவிகள் பெருகப்பெருக, கணக்கைப் படித்த கையோடு எந்த ஃபங்ஷனை அழைக்கலாம் என்று தேடும் பழக்கம் வந்துவிடுகிறது. தாளும் பென்சிலும் எடுத்துச் சிறிய எண்களுக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் போய்விடுகிறது. இந்தப் பொழுதுபோக்கில் சுவையான பகுதியே அதுதான் என்பது என் கருத்து.

கேம்பிரிட்ஜில் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் இராமானுஜத்திடம் படித்துக் காட்டிய, ஸ்ட்ராண்ட் இதழில் வந்த புதிரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண்ணிட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு இடப்புறம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் வீடுகள் 50க்கு மேல், 500க்குக் கீழ். காய்கறி வதக்கிக்கொண்டிருந்த இராமானுஜன் ஒரு விடையைச் சொல்வதற்குப் பதிலாக எல்லா விடைகளையும் தரும் தொடர் பின்னத்தையே சொல்லிவிட்டார்.

நிரல் எழுதுபவருக்கு இதில் மூன்று படிகள் தெரியும். முதலாவது, 500 வரை எல்லாத் தெருக்களையும் எல்லா வீடுகளையும் சோதிக்கும் இரட்டைச் சுற்று. 288 வீடுகள் கொண்ட தெருவில் 204ஆம் வீடு என்று உடனே சொல்லிவிடும், இருபுறமும் கூட்டினால் 20,706. இரண்டாவது, தாளில் ஒரு சமன்பாடு எழுதிப் பார்ப்பது. வீடுகளின் எண்ணிக்கையை இரட்டித்து 1 கூட்டினால் வரும் எண்ணின் வர்க்கத்திலிருந்து வீட்டு எண்ணின் வர்க்கத்தை 8ஆல் பெருக்கிக் கழித்தால் எப்போதும் 1 வரும்: 577² − 8 × 204² = 1. இதனால் ஒரு சுற்று மறைந்துவிடுகிறது. மூன்றாவது, விடைகளை வரிசையாக எழுதிப் பார்ப்பது: 8 வீடுகளில் 6, 49இல் 35, 288இல் 204, 1,681இல் 1,189. எந்த வீட்டு எண்ணும் தனக்கு முந்தையதை 6ஆல் பெருக்கி, அதற்கும் முந்தையதைக் கழித்தால் வருகிறது; 6 × 204 − 35 = 1,189. இப்போது 15 பூச்சியங்கள் கொண்ட எண் வரை நீளும் தெருவைக் கேட்டாலும் விடைகள் இருபதைத் தாண்டாது, நிரலும் நான்கு வரிதான்.

இரண்டாவது படியில் வந்ததைப் போன்ற சமன்பாட்டைப் பெல் சமன்பாடு என்பார்கள். லைப்ரரியில் அதற்கு ஆயத்த ஃபங்ஷன் இருந்திருந்தால் இந்த மூன்றாவது படியை ஒருவர் பார்க்காமலேயே கடந்துபோயிருப்பார். ஆகவே என் யோசனை: எண்கணிதத்தின் அடிப்படைகளை மட்டும் கருவியாக்குங்கள், கணக்கின் கருத்தைக் கருவிக்குள் அடைத்துவிடாதீர்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரண்டாவது மறுமொழியைப் படித்ததும் வீட்டுப் புதிரைத் தாளில் போட்டுப் பார்த்தேன். அந்த 8 எங்கிருந்து வருகிறது என்பது இப்போது புரிகிறது.

இரண்டு துணைக் கேள்விகள். பைத்தானில் ஒரு நிமிட வரம்புக்குள் வராத சில கணக்குகளுக்காகக் கருவிகளைச் சி++க்கு மாற்றலாமா என்று யோசிக்கிறேன். அப்படி மாற்றும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்? மேலும் சிம்பை, பாரி/ஜிபி போன்றவற்றைப் பயன்படுத்துவதை இங்குள்ளவர்கள் ஏமாற்றுவதாகக் கருதுகிறீர்களா?

மறுமொழி 3

ஏமாற்று வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் ஏமாறுவதற்கு எதிரே யாரும் இல்லை. பாரி/ஜிபி பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் எண் கோட்பாட்டு ஆய்வுக்காகவே உருவாக்கப்பட்டது. பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவதில் நாம் வார இறுதியில் எழுதும் நிரல் அதன் பக்கத்தில்கூட நிற்காது. நான் அதை வைத்திருப்பது கணக்குப் போடுவதற்கு அன்று, என் கருவிகளைச் சோதிப்பதற்கு. என் காரணிப்படுத்தும் ஃபங்ஷனுக்கும் அதற்கும் ஒரே எண்களைக் கொடுத்து இரவு முழுவதும் ஓடவிட்டு, விடைகள் மாறுபடும் முதல் எண்ணை மட்டும் காலையில் பார்ப்பேன்.

பகா எண்ணா என்று சோதிக்கும் கருவிக்கு அப்படி எழுந்தமானமான எண்கள் போதாது, வஞ்சக எண்களும் வேண்டும். ஃபெர்மா சோதனையை (அடிமானம் என்ற ஓர் எண்ணை, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) மட்டும் நம்பினால் 561, 1,105, 1,729 ஆகியவை தமக்குப் பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்தைக் கொடுத்தாலும் பகா எண்போலத் தேறிவிடும். இவை கார்மைக்கேல் எண்கள். (1,729ஐ வாடகைக் கார் எண்ணாக மட்டுமே அறிந்தவர்கள் 7 × 13 × 19 என்று பிரித்துப் பார்க்கலாம்.) அதைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனையை அடிமானம் 2க்கு மட்டும் ஓட்டினால் 23 × 89 ஆகிய 2,047 ஏமாற்றிவிடும். 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களையும் அடிமானமாக வைத்தால் 64 பிட்டுக்குள் அடங்கும் எந்த எண்ணுக்கும் அது தவறாது. இது நிரூபணமான விஷயம், 'பெரும்பாலும் சரி' என்ற வகையன்று. ஆகவே கருவியின் விளக்கக் குறிப்பில் அந்த 64 பிட் எல்லையையும் எழுதிவிடுங்கள்.

வரிசைகளைச் சரிபார்க்க ஓஇஐஎஸ் தளம் இருக்கிறது. நீல் ஸ்லோன் 1964இல் கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது அட்டைகளில் சேர்க்கத் தொடங்கிய முழுஎண் வரிசைகள் இன்று அங்கே லட்சக்கணக்கில் உள்ளன. மேலே சொன்ன 1, 6, 35, 204, 1189 என்பதை அதில் தட்டினால், இவற்றின் வர்க்கங்கள் முக்கோண எண்களாகவும் இருக்கும் என்ற செய்தி வரும்: 204இன் வர்க்கமான 41,616தான் 1 முதல் 288 வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகை. ஒரு கணக்கைச் சிறிய அளவுகளுக்குப் போட்டு, வந்த ஐந்தாறு எண்களை அங்கே தேடுவது சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், ஆனால் என் சொந்த விடை வந்த பிறகுதான் தேடுவேன்.

மொழி மாற்றத்தைப் பற்றி: முதலில் பைத்தானிலேயே வழிமுறையை மாற்ற முடியுமா என்று பாருங்கள். சி++க்கு மாறினால் நிரல் ஐம்பது மடங்கு வேகமாகலாம். நல்ல வழிமுறையோ வேலையையே இல்லாமல் ஆக்கிவிடும். வரம்புக்குட்பட்ட பகா எண்களின் கூட்டுத்தொகைதான் வேண்டும் என்றால் அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை. 1,000 கோடியை 1, 2, 3 என்று வரிசையாக வகுத்தால் வரும் முழுஎண் ஈவுகளில் வேறுபட்டவை ஏறத்தாழ 2 லட்சம்தான். அந்த இடங்களில் மட்டும் கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு, பகா எண் ஒவ்வொன்றாலும் சலித்துக் கழித்துக்கொண்டே போனால் விடை வந்துவிடும். பைத்தானிலேயே இது ஒரு நிமிட வரம்புக்குள் அடங்கும்.

மறுமொழி 1 எழுதியவர்

சி++க்கு மாறுவதானால் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். பைத்தானில் முழுஎண் எவ்வளவு பெரிதானாலும் தானாக நீண்டுகொள்ளும் என்பதால் எண்ணின் அளவைப் பற்றி யோசிக்கும் பழக்கமே நமக்கு இருக்காது. பதினான்காவது கணக்கு, 10 லட்சத்துக்குக் குறைவான எண்களில் எது மிக நீளமான கொல்லாட்ஸ் தொடரைத் தருகிறது என்பது: இரட்டைப்படை என்றால் பாதியாக்கு, ஒற்றைப்படை என்றால் 3ஆல் பெருக்கி 1 கூட்டு. தொடங்கும் எண்கள் சிறியவை என்று நம்பி 32 பிட் முழுஎண்ணில் எழுதினால், 1,13,383இல் தொடங்கும் தொடர் வழியில் 248,21,11,348 வரை ஏறி, அந்த வகையின் உச்சமான 214,74,83,647ஐத் தாண்டிவிடும். நிரல் எந்த எச்சரிக்கையும் தராது. எதிர்மறை எண்ணுக்குள் விழுந்து சுற்றிக்கொண்டே இருக்கலாம். 64 பிட்டில் எழுதினால் 8,37,799 என்ற விடை நொடிக்குள் வரும். மீதிகளை மட்டும் வைத்துக் கணக்கிடும் மட்டு எண்கணிதத்தில் இரண்டு 64 பிட் எண்களைப் பெருக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. பெருக்கற்பலனை 128 பிட்டில் வாங்கி, பிறகு மீதியை எடுக்க வேண்டும்.

பைத்தானிலேயே தங்கினாலும் வர்க்கமூலத்தில் ஒரு பொறி இருக்கிறது. 450,35,99,76,15,88,224 என்ற எண் 6,71,08,865இன் வர்க்கத்தைவிட ஒன்று குறைவு. ஆகவே அதன் வர்க்கமூலத்தின் முழுஎண் பகுதி 6,71,08,864 ஆக இருக்க வேண்டும். சாதாரண வர்க்கமூல ஃபங்ஷனோ, தசம எண்களுக்கான ஃப்ளோட் வகையின் துல்லியம் அங்கே போதாமல், சரியாக 6,71,08,865 என்று சொல்லிவிடும். ஒரு வர்க்க எண்ணா என்று சோதிக்கும் உங்கள் கருவி, அந்த விடையைத் திரும்பப் பெருக்கிப் பார்க்காவிட்டால், இதை வர்க்க எண் என்றே சாதிக்கும். 3.8 பதிப்பு முதல் பைத்தானில் முழுஎண் வர்க்கமூலத்துக்கென்றே தனி ஃபங்ஷன் உண்டு. மட்டு எண்கணிதத்தில் நேர்மாறு காண்பதையும் அதே பதிப்பிலிருந்து அடுக்கு காணும் ஃபங்ஷனே, அடுக்காக −1 கொடுத்தால், செய்துவிடுகிறது. உங்கள் பழைய கோப்புகளில் இவ்விரண்டுக்கும் நீங்களே எழுதிய துண்டுகள் இருந்தால் லைப்ரரிக்குக் கொண்டுவராமல் அங்கேயே விட்டுவிடலாம்.

இரண்டாவது மறுமொழியில் வந்த ஆட்சேபத்துக்கும் ஒரு வார்த்தை. பெல் சமன்பாட்டுக்கு ஆயத்தக் கருவி கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. 8க்கு விடை சின்னது, தாளில் பிடித்துவிடலாம். அதே இடத்தில் 61ஐ வைத்தால் மிகச்சிறிய விடையே 176,63,19,049, 22,61,53,980 என்ற இணை. பாஸ்கரர் 12ஆம் நூற்றாண்டில் சக்கரவாள முறையால் இதைக் கண்டார், 1657இல் ஃபெர்மா இதையே ஐரோப்பியக் கணித அறிஞர்களுக்குச் சவாலாக விடுத்தார். அறுபத்தாறாவது கணக்கு 1,000 வரையுள்ள, வர்க்க எண் அல்லாத எல்லா எண்களுக்கும் இதைக் கேட்கிறது. சக்கரவாள முறையை ஒருமுறை புரிந்து நிரலாக எழுதியவர் அதை ஏன் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டும்?

மறுமொழி 2 எழுதியவர்

புரிந்து எழுதியவர் என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. அப்படியானால் கேட்டவர் தம் லைப்ரரியில் தொடர் பின்னத்துக்குப் பக்கத்தில் சக்கரவாளத்தையும் வைத்து, இரண்டும் 61க்கு ஒரே இணையைத் தருகின்றனவா என்று சோதனையில் சேர்த்துக்கொள்ளட்டும். 1,000 வரையுள்ள எண்களில் மிகச்சிறிய விடையே மிகப் பெரிதாக வருவது 661க்கு. அதையும் அந்தச் சோதனையில் சேர்த்தால் சி++ நிரலில் 64 பிட் போதாது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.